'ரால்', 'ராங்கஸ்': மூச்சொலிப் பெயரீட்டின் வரலாறு

மூச்சொலிகளைக் கருவிகொண்டு கேட்டு வகைப்படுத்தும் மரபு 1816இல் பாரிசின் நெக்கேர் மருத்துவமனையில் தொடங்குகிறது. இதயநோய்க் குறிகளுடன் வந்த இளம்பெண்ணொருத்தியின் மார்பில் நேரடியாகச் செவிவைத்தல் முறையன்று எனக் கருதிய ரெனே லேன்னெக், தாளைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். பின்னர் மரக்குழல் செய்து, நோயாளி உயிருடனிருக்கையில் கேட்ட ஒலிகளை, இறப்பிற்குப் பின் உடற்கூறாய்வில் கண்ட நுரையீரல் மாற்றங்களோடு ஒப்பிட்டு, 1819இல் நூலாக வெளியிட்டார்.

இயல்பான மூச்சொலியோடு கூடுதலாக எழும் ஒலிகளை அவர் 'ரால்' என்னும் பிரெஞ்சுச் சொல்லால் சுட்டினார். மக்கள் வழக்கில் அச்சொல் சாகுந்தறுவாயில் தொண்டையில் எழும் ஒலியைக் குறித்தது. எனவே நோயாளி கேட்டு அஞ்சாதிருக்க, படுக்கையருகில் 'ராங்கஸ்' என்னும் இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். ஆக, அவரிடத்தில் இரண்டும் ஒருபொருட் சொற்களே. பிற்கால ஆங்கில மருத்துவ வழக்கோ இவற்றை வெவ்வேறு ஒலிகளுக்குரியனவாகப் பிரித்தது. பெயரீட்டில் குழப்பம் விளைந்தது. 1957இல் இராபர்ட்சனும் கூப்பும் இதனைச் சுட்டி, தொடரொலி, விட்டுவிட்டு எழும் ஒலி என்னும் எளிய பாகுபாட்டை முன்மொழிந்தனர்.

இக்குழப்பத்தைச் செவியின் பிழையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நோயாளியின் அச்சம் கருதிச் செய்த சொல்மாற்றம், அதன் சூழல் மறக்கப்பட்டபோது பொருள்வேறுபாடாகக் கொள்ளப்பட்டது. கலைச்சொல்லோடு அது பிறந்த சூழலையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.