ஓட மறுத்த குவாட்டர்பேக்: தேர்வுச் சோதனைகளும் அவை அளக்காத திறனும்

2018-இல் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த சோதனை முகாமுக்கு லமார் ஜாக்சன் வந்தார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்., கல்லூரி ஆட்டக்காரர்களை எடை போட ஆண்டுதோறும் நடத்தும் முகாம் அது. ‘கம்பைன்’ என்று பெயர். ஜாக்சன் 2016-இல் கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் எதிரணி திணறும். அப்படிப்பட்டவர் அந்த முகாமின் பெயர்பெற்ற சோதனையான 40 கெஜ ஓட்டத்தில் ஓடவே இல்லை. குவாட்டர்பேக் இடத்திலிருந்து அவரை எடுத்துவிட்டு, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக ஆக்கிவிடலாம் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அவர் மின்னலாய் ஓடியிருந்தால், அந்தப் பேச்சுக்கு அதுவே சான்றாகியிருக்கும். அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு நாளில் அவருக்கு முன்பாக 4 குவாட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டனர். முதல் சுற்றின் கடைசி இடமான 32-இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை எடுத்தது. 2019 பருவத்தில் கூட்டமைப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு ஒருமனதாகக் கிடைத்தது.

நல்ல எண் கிடைக்கும் என்று தெரிந்தும் ஒருவர் அதைத் தர மறுக்கிறார் என்றால், அந்த எண்ணைப் படிப்பவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இக்கட்டுரையின் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்க நடத்தப்படும் அறிவுத்திறன், உடற்தகுதிச் சோதனைகள் எதிர்கால ஆட்டத்தை முன்னறிவிக்கின்றனவா? இல்லை என்பதே ஆய்வுகள் பெரும்பாலும் தரும் விடை. என் வாதம் அதற்கு ஒரு படி அப்பால் செல்கிறது. சோதனை எண்கள் யாருக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்பதை முடிவு செய்கின்றன. வாய்ப்புக் கிடைத்தவரிடம் மட்டுமே திறமை வெளிப்பட முடியும். ஆகவே தம்மைத் தாமே மெய்ப்பித்துக்கொண்டதுபோல அந்த எண்கள் தோற்றமளிக்கின்றன.

குவாட்டர்பேக்கின் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். தாக்கும் அணியின் 11 பேருக்கும் அவரே மூளை. ஆட்டம் தொடங்குமுன் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, அவர்கள் என்ன திட்டமிட்டிருக்கிறார்கள் என்று ஊகித்து, தேவைப்பட்டால் தம் அணியின் திட்டத்தை அந்த நொடியிலேயே மாற்றுவார். பந்து கைக்கு வந்தபின் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3 நொடி. அதற்குள் யார் தனித்து நிற்கிறார், யார் நிற்கப்போகிறார் என்று கண்டு எறிந்தாக வேண்டும். 130 கிலோ எடையுள்ளவர்கள் அவரை வீழ்த்த ஓடிவந்துகொண்டிருப்பார்கள்.

இந்த வேலைக்கு ஆள் தேடிய அணிகள் கையிலெடுத்த கருவி வொண்டர்லிக் தேர்வு. எல்டன் வொண்டர்லிக் 1930-களில் தொழிற்சாலை, அலுவலக ஊழியர்களைச் சேர்ப்பதற்காக வடிவமைத்தது அது: 50 கேள்விகள், 12 நிமிடம். சொற்பொருள், எண்வரிசை, எளிய கணக்கு, தர்க்கம். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி 1970-களில் அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார் என்பர். கேள்விக்கு 14 நொடிதான் என்பதால், நெருக்கடியில் சிந்திக்கும் ஆற்றலை அது காட்டும் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் அடிப்படையே பிழை. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய்நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் அதை ஏறக்குறைய முழுமையாக மீண்டும் அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினால், புதியவரைவிட அவர் பெரிதாக மேம்படுவதில்லை. அவருடைய வல்லமை, பல்லாயிரம் ஆட்டங்களில் பழகிய அமைப்புகளைக் கண்டதும் அடையாளம் காண்பதில் இருக்கிறது. குவாட்டர்பேக்கின் 3 நொடி முடிவும் இவ்வகையைச் சேர்ந்ததே. வொண்டர்லிக் வேண்டுமென்றே பழக்கமில்லாத கேள்விகளைத் தருகிறது. தேர்வருக்கு முன்னறிவு உதவாமல் பார்த்துக்கொள்வதே அதன் நேர்த்தி. எந்த அறிவால் அந்தத் தொழில் நடக்கிறதோ, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கும் கருவி அது.

இந்தத் தேர்வு நீதிமன்றமும் ஏறியிருக்கிறது. விளையாட்டு எழுத்தாளர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. வட கரோலைனாவின் டியூக் பவர் மின் நிறுவனம், கறுப்பினத் தொழிலாளர்களை நெடுங்காலம் கடைநிலை வேலைகளில் மட்டுமே வைத்திருந்தது. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த 1965 ஜூலையிலேயே, மேல்நிலை வேலைகளுக்கு இரண்டு எழுத்துத் தேர்வுகளை அது கட்டாயமாக்கியது. அவற்றில் ஒன்று வொண்டர்லிக். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கிரிக்ஸ் வழக்கில் 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: நோக்கம் எதுவாக இருந்தாலும், வேலைக்குத் தொடர்புண்டு என்று நிறுவப்படாத சோதனை ஒரு பிரிவினரைத் தள்ளி வைக்குமானால் அது செல்லாது. சோதனைக்கும் வேலைக்கும் என்ன உறவு என்று நீதிமன்றம் கேட்ட அதே பத்தாண்டில், கால்பந்து உலகம் அக்கேள்வியைக் கேட்காமலே அக்கருவியை வாங்கிக்கொண்டது. கறுப்பின இளைஞர்களுக்குக் குவாட்டர்பேக் இடத்துக்கான அறிவு போதாது என்ற கருத்து அன்று வெளிப்படையாகவே உலவியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிறந்து விளங்கிய வாரன் மூனை 1978-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியுடன் 5 கோப்பைகள் வென்ற பிறகே என்.எஃப்.எல். அவரை அழைத்தது. முன்முடிவு ஏற்கனவே இருந்த இடத்தில் எண் வந்து சேர்ந்தது. வந்து அதற்கு அறிவியலின் உடுப்பைப் போர்த்தியது.

இனி ஆய்வு முடிவுகள். பிரையன் லயன்ஸ், பிரையன் ஹாஃப்மன், ஜான் மைக்கேல் ஆகியோர் 2009-இல் 762 ஆட்டக்காரர்களின் வொண்டர்லிக் மதிப்பெண்ணைப் பின்னாளைய ஆட்டத்தோடு ஒப்பிட்டனர்; உறவு ஏறக்குறைய இல்லை. உடற்சோதனை பற்றி ஃபிராங்க் குஸ்மிட்ஸும் ஆர்தர் ஆடம்ஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், குவாட்டர்பேக்குகளுக்கு நிலையான தொடர்பு எதுவும் தென்படவில்லை. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளின் ஓட்ட வேகத்துக்கு மட்டும் பொருள் இருந்தது. டேவிட் பெர்ரியும் ராப் சிம்மன்ஸும் 2011-இல் எழுதிய கட்டுரை நம் வாதத்துக்கு மிக நெருக்கமானது. உயரம், வேகம், வொண்டர்லிக் ஆகியவை ஒரு குவாட்டர்பேக் எத்தனையாவதாக எடுக்கப்படுகிறார் என்பதைப் பாதிக்கின்றன. முன்னதாக எடுக்கப்பட்டவர் அதிக ஆட்டங்களில் இறக்கப்படுகிறார். ஆனால் ஒவ்வோர் ஆட்ட அசைவுக்கும் எவ்வளவு பயன் தந்தார் என்று கணக்கிட்டால், முன்னவருக்கும் பின்னவருக்கும் வேறுபாடு மங்கிப்போகிறது.

இம்முடிவுகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்குள் உயரத்துக்கும் புள்ளிகளுக்கும் தொடர்பு இல்லாமல் போகலாம். அதனால் உயரம் தேவையில்லை என்று ஆகாது. குட்டையானவர்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வரவில்லை. வீச்சுக் குறுக்கம் எனப்படும் இச்சிக்கல் வொண்டர்லிக்குக்கும் பொருந்தும். அதைச் சரிசெய்யும் கணக்கைத் தாராளமாகப் பயன்படுத்தித்தான் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல் பொது அறிவுத்திறன் தேர்வுக்கு 0.51 என்ற உயர்ந்த முன்கணிப்பு மதிப்பைக் கொடுத்தனர். அத்திருத்தம் அளவுமீறியது என்று பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் காட்டியபோது அம்மதிப்பு 0.31-ஆக இறங்கியது. அதுவும் எல்லா வகைத் தொழில்களுக்கும் சேர்த்து.

பெர்ரி, சிம்மன்ஸ் ஆய்வுக்கு எதிரான மறுப்பு இன்னும் வலுவானது. பின்வரிசையில் எடுக்கப்பட்டவர்களில் களம் கண்டவர்கள் சிலரே. அவர்களும் பயிற்சியில் தம்மை நிரூபித்தவர்கள். அவர்களை வைத்து வரிசை முழுவதையும் மதிப்பிடுவது சரியல்ல. இம்மறுப்பை ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் தளரவில்லை. பயிற்சியில் மாதக்கணக்கில் பார்த்த பயிற்சியாளரின் கண், முகாமின் எண்கள் காணாததைக் கண்டது என்பதைத்தானே இம்மறுப்பும் சொல்கிறது?

அப்படிக் கண்டபின்னும் அவர்கள் களமிறங்க என்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள். டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். 40 கெஜத்தை அவர் ஓடிய நேரம் 5.28 நொடி, குவாட்டர்பேக்குக்கும் மெதுவானது. 2001 செப்டம்பரில் முதன்மை ஆட்டக்காரர் டுரூ பிளெட்சோ மார்பில் அடிபட்டு விழுந்ததால் வாய்ப்பு வந்தது. அப்பருவமே கூட்டமைப்பின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி, மொத்தம் ஏழு. கர்ட் வார்னரைத் தேர்வில் எவரும் எடுக்கவில்லை. ஐயோவாவில் மளிகைக் கடை அலமாரிகளில் சரக்கு அடுக்கியவர். 1999-இல் டிரென்ட் கிரீனின் முழங்கால் போனதால் இறங்கினார். அவ்வாண்டே கோப்பையும் கூட்டமைப்பின் உயர்விருதும். பிராக் பர்டி 2022-இன் 262-ஆவது ஆள், அதாவது அவ்வாண்டின் கடைசி ஆள். சான் பிரான்சிஸ்கோ அணியின் முதல் இரு குவாட்டர்பேக்குகளும் காயமுற்ற பிறகு வந்தவர், அடுத்த பருவத்தில் அணியைச் சூப்பர் பவுலுக்கு இட்டுச்சென்றார். மூன்று கதைகளிலும் இன்னொருவர் காயமுற்ற பிறகுதான் உண்மை தெரிந்தது. முன்னிருப்பவர் நலமாகவே ஆடி முடித்ததால் பெஞ்சிலேயே இருந்துவிட்டு, இரண்டு ஆண்டில் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தத் தரவுத்தொகுப்பிலும் இல்லை. எந்தப் புள்ளியியல் திருத்தமும் அவர்களைத் திரும்பக் கொண்டுவராது.

உடற்சோதனையில் மருத்துவப் பரிசோதனையை நான் குறை சொல்லவில்லை. 1980-களில் இம்முகாம் உருவான முதன்மைக் காரணமே அதுதான். பழைய காயங்களைப் பல அணி மருத்துவர்கள் ஒரே இடத்தில் பார்ப்பது ஆட்டக்காரருக்கும் நல்லது.

மதிப்பெண்கள் வெளியே கசிவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. 2006-இல் குவாட்டர்பேக் வின்ஸ் யங்கின் வொண்டர்லிக் மதிப்பெண் பத்திரிகைகளில் வந்து ஏளனத்துக்கு உள்ளானது. 2023-இல் சி. ஜே. ஸ்ட்ரவுடின் எஸ்-2 மதிப்பெண். திரையில் பார்வை வேகத்தையும் முடிவெடுக்கும் வேகத்தையும் அளக்கும் புதுச் சோதனை அது. 2022-இல் கம்பைன் வொண்டர்லிக்கைக் கைவிட்டபின் அணிகள் பெரிதும் பேசியது அதைப் பற்றித்தான். அந்த எண்களை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. வாதத்துக்கு அவை தேவையில்லை, இருபது வயதைக் கடந்த இளைஞர்களின் நெற்றியில் அவற்றை ஒட்டியது போதும். இருவரும் தத்தம் முதல் பருவத்தில் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்கள். முந்தைய பருவத்தில் 3 வெற்றிகளே கண்டிருந்த ஹூஸ்டன் அணி, ஸ்ட்ரவுட் வந்ததும் 10 வென்றது. யங்கின் ஆட்டவாழ்க்கை பிற்பாடு நீளவில்லை; அதை மதிப்பெண்ணின் வெற்றியாகக் காட்டுவோர் முதல் பருவத்துக்கு விளக்கம் தருவதில்லை.

மாற்று வழி ஒன்று உண்டு, அதற்குப் பொறுமை வேண்டும். ஆட்டக்காரர் கற்கவேண்டிய திட்டநூலின் ஒரு பகுதியை அவரிடம் கொடுத்து, நாள்கள் கழித்து, எதிரணியின் அமைப்புகளைப் படத்தில் காட்டி, எங்கே எறிவாய், ஏன் என்று கேட்கலாம். கற்கும் வேகத்தையும் அடையாளம் காணும் திறனையும் ஒருசேரப் பார்க்கும் சோதனை அது. சில அணிகள் நேர்காணலில் இதைச் சிறு அளவில் செய்கின்றன. எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவுகோலில், ஒரே கால அளவில் செய்தால் அது ஆய்வுக்குரிய சான்றாகும். அதைவிட முக்கியம், பின்வரிசையில் எடுத்தவர்களுக்குப் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் திட்டமிட்டே நிறைய நேரம் ஒதுக்குவது. காயத்துக்குக் காத்திராமல் அறிந்துகொள்ள வேறு வழியில்லை.

பர்டிக்கு இடம்விட்டுச் சென்ற இருவரில் ஒருவர் டிரே லான்ஸ். 2021-இல் 3-ஆவது இடத்தில் அவரை எடுப்பதற்காக அணி தன் எதிர்கால முதல்சுற்றுத் தேர்வுகளையே விட்டுக்கொடுத்தது. அவருடைய உடலளவுகளும் வேகமும் எல்லோருக்கும் பிடித்திருந்தன. கல்லூரியில் அவர் முழுமையாக ஆடியது ஒரே ஒரு பருவம். சான் பிரான்சிஸ்கோவுக்காக அவர் தொடங்கிய ஆட்டங்கள் 4; 2022-இன் இரண்டாவது ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது; அடுத்த ஆண்டு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு அவரை டல்லாஸுக்கு மாற்றிவிட்டார்கள். தோற்றுப்போன தேர்வு என்று அவரைப் பட்டியலிடுகிறார்கள். 4 ஆட்டங்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. பர்டியை நாம் அறிவோம். லான்ஸை இன்னும் அறியவில்லை.