கொள்ளிடத்தில் படகுப் பயணம்

கொள்ளிடத்தில் படகுப் பயணம் என்பது காவிரியின் வெள்ள வடிகாலாகிய கொள்ளிடம் ஆற்றில் நடைபெறும் படகுப் போக்குவரத்தைக் குறிக்கும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் இந்த ஆறு, அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடி, பழையாறு அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. 2007 ஆம் ஆண்டு அரியலூர் தனி மாவட்டமான பின்னர் பெரம்பலூர் மாவட்டத்திற்குக் கொள்ளிடக் கரை இல்லை.

ஆற்றின் இயல்பு

பாசன நீர் காவிரி வழியாகவே செல்வதால், மிகை நீர் திறக்கப்படும் காலத்தில்தான் கொள்ளிடம் நிறைந்து ஓடும். ஏனைய மாதங்களில் அகன்ற மணற்பரப்பில் சில நீரோட்டங்களே எஞ்சும். வெள்ளத்திற்கு வெள்ளம் மணல்திட்டுகள் இடம் மாறுவதால் நிலையான படகு வழி அமைவதில்லை. எனவே கேரளக் காயல்களில் உள்ளது போன்ற நெடும்பயணம் இங்கு வளரவில்லை. கரைக்குக் கரை கடக்கும் ஓடத்துறைகளே இருந்தன. திருமானூர் போன்ற இடங்களில் பாலங்கள் வந்தபின் அவற்றின் தேவை குறைந்தது. ஆயினும் ஆற்றின் நடுவே தீவாக உள்ள மேலராமநல்லூர் போன்ற ஊர்களுக்கு வெள்ளக் காலத்தில் படகு ஓர் உல்லாசமன்று, வாழ்வாதாரம்.

அணைக்கரை

1836 இல் கட்டப்பட்ட கீழணை நீரைத் தேக்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு அனுப்புகிறது. மதகுகள் மூடியிருக்கும்போது அணைக்கு மேற்புறம் நீர் அசைவின்றி நிற்பதால், படகை நிறுத்தி இளைப்பாற ஏற்ற இடம் போலத் தோன்றும். இத்தோற்றத்தை நம்புதல் கூடாது. இப்பகுதிக் கொள்ளிடத்தில் முதலைகள் வாழ்கின்றன. ஆற்றில் இறங்கியோர் தாக்கப்பட்டதும் உண்டு. மேலும் மேட்டூரில் உபரிநீர் திறக்கப்பட்டால், உள்ளூரில் ஒரு துளி மழையின்றியும் வெள்ளம் வந்து சேரும். அப்போது மாவட்ட நிருவாகம் கரையோர மக்களை எச்சரிப்பது வழக்கம்.

முகத்துவாரம்

படகும் கப்பலும் அமைதியாக நங்கூரமிட இடம் தேடியது போருக்கும் ஒரு காரணமாயிற்று. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்களுக்குப் பாதுகாப்பான இயற்கைத் துறைமுகம் இல்லை. கொள்ளிட முகத்துவாரத்தில் மணல்திட்டை அகற்றினால் அத்தகைய ஒன்று கிடைக்கும் என ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி எதிர்பார்த்தது. தஞ்சை மராட்டியரிடமிருந்து தேவிக்கோட்டையை அது 1749 இல் கைப்பற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். கோட்டை கிடைத்தது, துறைமுகம் அமையவில்லை.

இன்று முகத்துவாரத்தின் அருகே பழையாறு மீன்பிடித் துறைமுகம் உள்ளது. விசைப்படகுகள் அங்கே தங்குகின்றன. பொழுதுபோக்காகப் படகில் செல்ல விரும்புவோர் வடக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக் கால்வாய்களை நாடுகின்றனர்.