இரைப்பையைக் கடிகாரமாக்கிய வழக்கு

பெரிய கொலை வழக்கு எது வந்தாலும் டிவி விவாதத்துலயும் டீக்கடையிலயும் ஒரே சண்டைதான். "சம்பவம் நடந்த நேரத்துல அவர் அங்க இல்லவே இல்லை, சாட்சி இருக்கு" என்று ஒரு தரப்பு. "அதெல்லாம் செட்டப்" என்று இன்னொரு தரப்பு. இன்பாக்ஸிலும் கேட்கிறீர்கள், "டாக்டர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல நேரம் போட்டிருக்காங்களே, அப்போ முடிஞ்சுதே?" என்று.

முடியாதுங்க. ஏன் முடியாது என்பதற்கு கனடாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். 'அலிபி' என்ற லத்தீன் சொல்லுக்கு 'வேறிடத்தில்' என்பதுதான் பொருள். 1872 இந்திய சாட்சியச் சட்டம் பிரிவு 11-ல் இதற்கு ஒரு உதாரணமே கொடுத்திருந்தார்கள். கல்கத்தாவில் குற்றம் நடந்திருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் அன்று லாகூரில் இருந்தார் என்றால், லாகூரில் இருந்தது வழக்குக்குத் தொடர்புடைய உண்மை. கல்கத்தா, லாகூர் என்று இவ்வளவு தூரம் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரே ஊர், அரை மணி நேரம், சைக்கிள் தூரம் என்றால்? அங்கேதான் டாக்டர் உள்ளே வருகிறார்.

1959 ஜூன் 9. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிளின்டன் என்ற சிற்றூர். பக்கத்தில் விமானப்படைத் தளம், அங்கே வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள், ஒரு பள்ளிக்கூடம். லின் ஹார்ப்பர் என்ற 12 வயதுச் சிறுமி மாலை உணவை முடித்துவிட்டு வெளியே வருகிறாள். ஏழு மணிக்கு மேல், தன் வகுப்பில் படிக்கும் ஸ்டீவன் ட்ரஸ்காட் என்ற 14 வயதுப் பையனின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போகிறாள்.

ஸ்டீவன் கடைசி வரைக்கும் சொன்னது இதுதான். பள்ளியிலிருந்து கிளம்பி, வழியில் இருக்கிற தோப்பைக் கடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் அவளை இறக்கிவிட்டேன். திரும்பிப் பாலத்துக்கு வந்து பார்த்தபோது அவள் ஒரு சாம்பல் நிற செவர்லே காரில் ஏறுவதைப் பார்த்தேன்.

எட்டு மணி வாக்கில் அவன் பள்ளி மைதானத்துக்குத் தனியாகத் திரும்பி வந்துவிட்டான். பார்த்தவர்கள் பலர். சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தான் என்றார்கள். எட்டரை வாக்கில் வீட்டுக்குப் போய் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டான்.

லின் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜூன் 11 அன்று, அந்தத் தோப்பில் சடலம் கிடைத்தது. பாலியல் வன்கொடுமைக்குள்ளாகி, அவள் அணிந்திருந்த மேல்சட்டையாலேயே கழுத்து நெரிக்கப்பட்டிருந்தாள்.

இப்போ இடத்தை மனதில் வைங்க. பள்ளி, அடுத்து தோப்பு, அடுத்து பாலம், அடுத்து நெடுஞ்சாலை. சைக்கிள் பாலத்தைத் தாண்டியிருந்தால் ஸ்டீவன் சொல்வது உண்மை. தாண்டாமல் தோப்புக்குள் திரும்பியிருந்தால் அவன்தான் கொலைகாரன். இருவரும் சைக்கிளில் பாலத்தைக் கடந்ததைப் பார்த்தோம் என்று ஆற்றங்கரையில் இருந்த சிறுவர்கள் சாட்சி சொன்னார்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. நண்பனைக் காப்பாற்றச் சொல்கிறார்கள், இல்லையென்றால் தப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்றது. அந்த வழியில் காத்திருந்தும் அவர்களைப் பார்க்கவே இல்லை என்று சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள், யார் கையிலும் வாட்ச் கிடையாது. நேரம் எல்லாமே குத்துமதிப்பு.

ஆக, சாட்சிகள் இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். தராசைச் சாய்த்தது மருத்துவச் சாட்சியம்.

பிரேதப் பரிசோதனை செய்தவர் ஜான் பெனிஸ்டன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர். இரைப்பையில் சுமார் ஒரு பைண்ட் அளவு, அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக, உணவு இருந்தது. அவள் கடைசியாகச் சாப்பிட்டது மாலை ஐந்தரை, ஐந்தே முக்கால் வாக்கில். பொதுவாக இரண்டு மணி நேரத்தில் இரைப்பை காலியாகிவிடும், இங்கே காலியாகவில்லை, எனவே இறப்பு 7 மணியிலிருந்து 7.45-க்குள் என்று முடிவு செய்தார்.

7.45. இந்த ஒரு எண்ணை நல்லா கவனிங்க. எட்டு மணிக்கு மேல் ஸ்டீவன் எங்கே இருந்தான் என்பதற்கு ஊரே சாட்சி. இறப்பு எட்டு மணிக்கு மேலே போனால் அவனுக்கு அசைக்க முடியாத அலிபி. 7.45-க்குள் என்றால் அலிபியே கிடையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவளுடன் இருந்தவன் அவன் மட்டும்தான். அவன் பொய் சொன்னானா என்று யாரும் தனியாக நிரூபிக்கவே தேவைப்படவில்லை. இரைப்பை நிரூபித்துவிட்டது.

இங்கே கொஞ்சம் மருத்துவம் பேசிவிடுகிறேன். இரைப்பை கடிகாரம் இல்லீங்க. தண்ணீர் சீக்கிரம் இறங்கும். இறைச்சி, கொழுப்பு சேர்ந்த முழுச் சாப்பாடு நான்கு முதல் ஆறு மணி நேரம் கூட எடுக்கும். சரியாக மெல்லாமல் விழுங்கியிருந்தால் இன்னும் தாமதம். ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். எல்லாவற்றுக்கும் மேலே பயம், வலி, காயம். இவை வந்தால் இரைப்பை வேலைநிறுத்தமே செய்துவிடும். சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவர் "எட்டு மணி நேரமா ஒண்ணும் சாப்பிடலை" என்றாலும், மயக்க மருத்துவர் வயிறு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் குழாய் போடுவார். உயிரோடு இருக்கிறவர் விஷயத்திலேயே இவ்வளவு சந்தேகம். கடத்தப்பட்டோ மிரட்டப்பட்டோ இருந்த ஒரு குழந்தையின் இரைப்பையை வைத்து 45 நிமிடத்துக்குள் நேரம் குறிப்பது எப்படி?

நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்கிற எங்களுக்கும் சான்றிதழில் நேரம் எழுதும் வேலை உண்டு. விறைப்பு, ரத்தம் தேங்கிய நிறம், அழுகல், இரைப்பை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து "12 முதல் 18 மணி நேரத்துக்கு முன்" என்கிற மாதிரி இடைவெளியாகத்தான் எழுதுவோம். "கரெக்டா சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

மருத்துவச் சாட்சியம் அதோடு நிற்கவில்லை. காவலில் இருந்த அந்தப் பையனை இரவில் மருத்துவர்கள் சோதித்து, ஆணுறுப்பில் இரண்டு புண்கள் இருப்பதாகச் சொன்னார்கள். வன்கொடுமைக்கு அடையாளம் என்று அதுவும் வழக்கில் சேர்ந்தது. தோல் நோய்க்கும் அப்படிப் புண் வரும் என்று தோல் மருத்துவர்கள் பிற்பாடு சொன்னது தனிக்கதை.

1959 செப்டம்பர் 30. கோடரிச் நகர நீதிமன்றத்தில் ஜூரி அவனைக் குற்றவாளி என்றது, கருணை காட்டவும் பரிந்துரைத்தது. நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார், டிசம்பர் 8-க்கு நாள் குறித்து. பதினாலு வயசு! கனடாவில் தூக்குக்குக் காத்திருந்தவர்களிலேயே மிக இளையவன். 1960 ஜனவரியில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அப்போது நாடு பெரிதாகக் கொந்தளிக்கவில்லை. பியர் பெர்ட்டன் என்ற பத்திரிகையாளர் அந்தப் பையனுக்காக ஒரு கவிதை எழுதினார், அதற்கு அவருக்குக் கிடைத்தது வசவுதான். நிலைமை மாறியது 1966-ல், இசபெல் லெபூர்டே என்ற எழுத்தாளர் விசாரணையை வரி வரியாகக் கேள்வி கேட்டு ஒரு புத்தகம் வெளியிட்டபோது. நாடாளுமன்றம் வரை விவாதம் போனது. வழக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே வந்த மருத்துவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இங்கிலாந்திலிருந்து கீத் சிம்ப்சன் அரசுத் தரப்பில், ஃபிரான்சிஸ் கேம்ப்ஸ் எதிர்த் தரப்பில். இருவருமே உலகப் புகழ் பெற்ற தடயவியல் நிபுணர்கள். அதே இரைப்பை, அதே அறிக்கை, ஆனா இரண்டு கருத்து. 1967 மே மாதம் தீர்ப்பு. எட்டு நீதிபதிகள் தண்டனை சரி என்றார்கள். எம்மெட் ஹால் என்ற ஒரே ஒருவர் மட்டும் விசாரணை சட்டப்படி நடக்கவில்லை என்று மாறுபட்டு எழுதினார்.

எனக்கு இந்த வழக்கில் தூக்கம் கெடுக்கிற இடம் இனிமேல்தான். அந்த விசாரணைக்கு முன்பே, 1966 மே மாதத்தில், பெனிஸ்டன் தன் முடிவைத் தானே மறுபரிசீலனை செ்து காவல்துறைக்கு எழுதியிருந்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் இறந்திருக்கலாம், ஆனால் பல மணி நேரம் கழித்து இறந்திருப்பதற்கும் இந்தக் கண்டுபிடிப்புகள் முரணானவை அல்ல என்பது அதன் சாரம். அதாவது, 7.45 என்ற பூட்டை அதைப் போட்டவரே திறந்துவிட்டார். அந்தக் கடிதம் எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் கைக்குப் போகவில்லை. பெனிஸ்டனை நான் திட்ட மாட்டேன். தன் கருத்தை மாற்றி எழுத ஒரு மருத்துவருக்குத் துணிச்சல் வேண்டும். அதை உள்ளே வைத்துப் பூட்டியதுதான் அநியாயம்.

ஸ்டீவன் 1969-ல் பரோலில் வெளியே வந்து, வேறு பெயரில், குடும்பம் குழந்தைகள் என்று அமைதியாக வாழ்ந்தார். 2000-ல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்த பிறகுதான் வழக்கு மறுபடி உயிர் பெற்றது. 2006-ல் லின்னின் உடலைத் தோண்டி எடுத்து டிஎன்ஏ தேடினார்கள், கிடைக்கவில்லை. 1959-ல் சேகரித்த புழுக்களின் வளர்ச்சியை வைத்துப் பூச்சியியல் நிபுணர்கள் நேரம் கணக்கிட்டார்கள், அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஒன்டாரியோவின் தலைமைத் தடயவியல் மருத்துவர் மைக்கேல் பொலானன், இறப்பை 7.45-க்குள் அடைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றார்.

2007 ஆகஸ்ட் 28 அன்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அது நீதி பிறழ்ந்த தீர்ப்பு என்று சொல்லி ஸ்டீவனை விடுதலை செய்தது. அப்போது அவருக்கு 62 வயது. ஆனால் அவர் நிரபராதி என்று நிரூபணமாகிவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்கவில்லை. அதற்கான ஆதாரமும் இல்லை என்றது. 48 வருஷம் கழித்து எதை வைத்து நிரூபிப்பது? 2008-ல் அரசு 65 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கொடுத்தது.

ஜூன் 9 அன்று இரவு லின் எத்தனை மணிக்கு இறந்தாள் என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அவளைக் கொன்றதாக வேறு யார் மீதும் இதுவரை குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை.