ஸ்மித் என்னும் பெயர்

பொருளாதாரம் பயிலும் மாணவர் எவரும் ஆடம் ஸ்மித்தின் பெயரைக் கேளாமல் தம் படிப்பை முடித்துவிட இயலாது. 'நாடுகளின் செல்வம்' என்னும் பெருநூலை 1776-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். கிரிக்கெட் ஆட்டத்தில் ஈடுபாடு உடையவர்க்கும் ஸ்மித் என்னும் பெயர் புதியதன்று. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் மிகப் பலர் தாங்கியுள்ள குடும்பப் பெயர் அதுவே. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற மக்கட்கணக்கில் 24 லட்சத்திற்கும் மேற்பட்டோர் அப்பெயருடன் காணப்பட்டனர்.

இப்பெயருக்குக் கொல்லன் என்பது பொருள். ஆயின் ஆடம் ஸ்மித்தின் தந்தையார் ஸ்காட்லாந்தில் கர்க்கால்டி என்னும் துறைமுக ஊரில் சுங்க அதிகாரியாக இருந்தவர். உலைக்களத்திற்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கொல்லர் அல்லாதார்க்குக் கொல்லன் என்னும் பெயர் வந்தது எவ்வாறு? அதிலும் இத்துணைப் பேருக்கு வந்தது எவ்வாறு?

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் உலோக வேலை செய்வோர் அனைவர்க்கும் அது பொதுப்பெயராக இருந்தது. ஓங்கி அடித்தலைக் குறிக்கும் 'ஸ்மைட்' என்னும் வினையிலிருந்து அது பிறந்தது என்று சொல்வாரும் உண்டு. சம்மட்டியை நினைத்துக்கொண்டால் அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் மொழிநூலார் அதனை ஏற்பதில்லை. ஒலியின் ஒற்றுமையைக் கொண்டு சொல்லுக்கு மூலம் கற்பிக்கும் ஆசை எந்நாட்டார்க்கும் உண்டு; நம்மவர்க்கும் அது குறைவில்லை! பொன்வேலை செய்வோன் கோல்டுஸ்மித். இரும்புவேலை செய்வோன் பிளாக்ஸ்மித், அதாவது கருங்கொல்லன். நாமும் இரும்பைக் கரும்பொன் என்று வழங்குகிறோம் அன்றோ?

இனி, இப்பெயர் பெருகிய காரணத்தை ஆராய்வோம். 'கொல்லர் மிகுதியாக வாழ்ந்தனர். ஆதலால் பெயரும் மிகுந்தது' என்று எளிதில் விடை கூறிவிடத் தோன்றும். ஆனால் இடைக்கால இங்கிலாந்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் நிலத்தில் உழைத்தவர்கள். தொழிலாளர் தொகைக்கு ஏற்பப் பெயர் பெருகுவதாயின், உழவன் எனப் பொருள்படும் பெயரே இன்று அந்நாடெங்கும் நிறைந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. 'பிளௌமன்' போன்ற பெயர்கள் உண்டெனினும் அவற்றை உடையோர் சிலரே. 'ஃபார்மர்' என்னும் பெயரோ அந்நாளில் வரியையோ வருவாயையோ குத்தகைக்கு எடுத்துத் தண்டுவோனைக் குறித்தது. ஏர் பிடிப்பவனை அன்று.

ஒருவனைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டுவதற்கே பெயர் ஏற்பட்டது. 50 வீடுகள் உள்ள ஒரு சிற்றூரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் 45 வீட்டார் உழவர். அவ்வூரில் 'உழவன் ஜான்' என்றால் எந்த ஜான் என்று யாருக்கு விளங்கும்? 'கொல்லன் ஜான்' என்றாலோ ஐயத்திற்கு இடமே இல்லை. உலைக்களம் அவ்வூரில் ஒன்றுதான். அடுத்த ஊரிலும் ஒன்று; அதற்கடுத்த ஊரிலும் ஒன்று. ஊருக்கு ஒருவன், ஆனால் ஊர்தோறும் ஒருவன் என்னும் இந்நிலையே ஸ்மித் என்னும் பெயரைப் பெருக்கியது. ஓர் ஊரில் அரியனவும் எல்லா ஊர்களுக்கும் பொதுவானவையுமாகிய தொழில்களே மிகுதியான குடும்பப் பெயர்களைத் தந்தன. மாவரைக்கும் ஆலைக்காரனாகிய மில்லர், தையற்காரனாகிய டெய்லர், மரவேலை செய்வோனாகிய ரைட் ஆகியோரின் பெயர்களும் இவ்வகையினவே.

கொல்லனின்றி அக்காலச் சிற்றூர் ஒருநாளும் நடவாது. கலப்பையின் கொழு, அரிவாள், கதவின் கீல், வண்டிச் சக்கரத்தின் பட்டை, குதிரையின் லாடம் என அனைத்திற்கும் அவனிடமே செல்லவேண்டும். கொழு தேய்ந்தால் ஏர் நின்றுவிடும். ஏர் நின்றால் ஊர் பட்டினி. ஆதலின் பிறநாடுகளிலும் இதே கதையைக் காண்கிறோம். ஜெர்மானியரின் ஷ்மிட், ஹங்கேரியரின் கோவாச், ரஷ்யரின் குஸ்நெட்சோவ், போலந்தினரின் கோவால்ஸ்கி, இத்தாலியரின் ஃபெராரி, பிரெஞ்சுக்காரரின் லெஃபேவ்ர், அரேபியரின் ஹத்தாத் எல்லாம் கொல்லுத் தொழிலைச் சுட்டும் பெயர்களே. விரைந்தோடும் மோட்டார் வண்டிக்குப் புகழ்பெற்ற ஃபெராரி என்னும் பெயருள்ளும் ஓர் உலைக்களம் இருக்கின்றது!

தொழிலைச் சுட்டிய அடைமொழி குடும்பப் பெயராக இறுகியது எப்போது? 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பழைய ஆங்கிலப் பெயர்கள் படிப்படியாக மறைந்தன. வில்லியம், ஜான், ராபர்ட், ரிச்சர்டு என்னும் சில பெயர்களையே எல்லாரும் மக்களுக்கு இட்டனர். ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் அடைமொழி தேவைப்படும் அன்றோ? அரசாங்கத்தின் வரி ஏடுகளும் அதனை வேண்டின. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி தண்டியபோது எழுதிய ஏடுகள் பல இன்றும் உள்ளன. அவற்றுள் சிலருடைய பெயரும் தொழிலும் ஒத்திருக்கின்றன; சிலருடையவை ஒத்திருக்கவில்லை. பெயர் தொழிலைவிட்டுப் பிரியத் தொடங்கிய தருணத்தையே அங்கே காண்கிறோம். 1538-ஆம் ஆண்டு முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கோயில்தோறும் பதிவுசெய்ய வேண்டும் என்னும் ஆணை பிறந்ததும், பெயர் மேலும் உறுதிப்பட்டது.

மகாகவி ஜெஃப்ரி சாசரே இதற்குச் சிறந்த சான்று. 1400-இல் மறைந்த அவருடைய குடும்பப் பெயர் காலணியும் காலுறையும் செய்வோனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அவர் தந்தையார் லண்டனில் திராட்சைமது வாணிகர்!

நம் சங்கப் புலவருள்ளும் மதுரைப் பெருங்கொல்லன், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் எனத் தொழிலோடு பெயர் பெற்றோர் உளர். அறுவை என்பது ஆடை. ஊரும் தொழிலும் பெயரும் சேர்ந்து அங்கே ஒருவரைக் காட்டின. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயர்க்கு முன் இட்டுக்கொள்ளும் பிற்கால வழக்கிலோ அவ்வெழுத்து தலைமுறைதோறும் மாறிவிடுகிறது. ஆங்கிலேயர்க்கு நேர்ந்ததுபோல் ஒரு தொழிற்பெயர் நூற்றாண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்வதற்கு அம்முறையில் இடமில்லை.

பிற தொழிற்பெயர்களிலும் மறந்துபோன செய்திகள் பல உண்டு. 'வாக்கர்' என்பவன் வழிநடப்போன் அல்லன். நெய்த கம்பளித்துணியை நீரிலிட்டுக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவோன். அகராதியால் புகழ்பெற்ற 'வெப்ஸ்டர்' என்னும் பெயரின் ஈறு முதலில் பெண்பாலுக்கு உரியது. நெசவு செய்பவள் என்பதே அதன் பழம்பொருள். 'பேக்ஸ்டர்' ரொட்டி சுடுபவள். மகளிர் உழைப்பைக் காட்டிய இவ்வீறு பின்னர் ஆடவர்க்கும் பொதுவாகிவிட்டது. 'ஸ்பின்ஸ்டர்', அதாவது நூல் நூற்பவள் என்னும் சொல்லோ, தொழிற்பொருளை இழந்து மணமாகாத பெண்ணைக் குறிக்கலாயிற்று. ஆண்மகனுக்குத் தொழில் பெயரானது. பெண்ணுக்கோ அவள் மணமானவளா அல்லளா என்பதே பெயராயிற்று. இது கருதத்தக்கது.

அமெரிக்காவில் ஸ்மித் என்னும் பெயர் வேறு வழிகளாலும் பெருகியது. அங்குக் குடியேறிய ஜெர்மானியர் பலர் ஷ்மிட் என்பதை ஸ்மித் என மாற்றிக்கொண்டனர். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுள் பலரும் இப்பெயருடன் ஏடுகளில் இடம்பெற்றனர். சிலர் முன்னாள் எசமானரின் பெயரைக் கொண்டனர். சிலர் தாமே பெயரைத் தேர்ந்தனர். இத்தகையோருள் ஒருவரை நோக்கி, 'நும் முன்னோர் இங்கிலாந்தில் இரும்படித்தவர்' என்று சொல்வது எவ்வளவு பெரிய பிழை! நம் நாட்டிலும் பெயரின் வாலைப் பார்த்தே ஆளின் பரம்பரையை அளந்துவிடத் துணிவோர் இல்லாமற்போகவில்லை.

பெயர் பெருகிக்கொண்டே செல்ல, தொழில் சுருங்கியது. அச்சுருக்கத்தின் தொடக்கத்தை ஆடம் ஸ்மித்தே தம் நூலின் முதல் அத்தியாயத்தில் காட்டுகிறார். ஆணி அடித்துப் பழகாத பொதுக்கொல்லன் ஒருவன் நாளொன்றுக்கு 200 அல்லது 300 ஆணிகளுக்குமேல் செய்யமாட்டான்; அவையும் நல்லனவாக இரா. ஆணி ஒன்றையே தொழிலாகக் கொண்ட, 20 வயதும் நிரம்பாத இளைஞர்கள் நாளொன்றுக்கு 2,300-க்கும் மேற்பட்ட ஆணிகள் செய்வதை அவர் தம் கண்ணாலேயே கண்டிருக்கிறார். கொழுவும் லாடமும் கீலும் ஆணியும் ஒருங்கே செய்த ஊர்க்கொல்லனைப் பற்றி இவ்வாறு எழுதியவரின் பெயரும் கொல்லன் என்பதே.