பாலம் இங்கே, வெயில் லண்டனில்!

தாம்பரம் பக்கமிருந்து சைதாப்பேட்டைக்கு பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் அடையாற்றின் மேல் மறைமலையடிகள் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். பெரும்பாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு! 1960களில் இது வருவதற்கு முன் அங்கே வேறொரு பாலம் இருந்தது. 1726-ல் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் கட்டியது. அந்தப் பாலத்துக்கு ஒரு படம் இருக்கிறது: 1797-ல் லண்டனில் அச்சான 'பரங்கிமலை அருகே ஆர்மீனியப் பாலம்'. வரிசையாக வளைவுகள், இதமான வெளிச்சம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நம்ம ஊர் வெயில் எப்போதய்யா இப்படி இருந்தது?

வரைந்தவர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும். தாமஸ், வில்லியமின் அப்பாவுடைய சகோதரர். 1786-ல் கல்கத்தா வந்து இறங்கினார்கள். வில்லியமுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை, அதாவது நம்ம வயசு! வந்த கையோடு அந்த நகரத்தின் தெருக்களையும் கட்டடங்களையும் 12 படங்களாக வெளியிட்டார்கள். செதுக்கியதும் அச்சடித்ததும் கல்கத்தாவிலேயே, உள்ளூர் ஆட்களின் உதவியோடு. அந்தப் படங்கள் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனாலும் தெரு தெருவாகவே இருக்கும்.

1792 மார்ச்சில் கப்பலேறி சென்னை வந்தார்கள். ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கிளம்பி மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர், திருச்சி என்று ஒரு பெரிய சுற்று. திரும்பி வந்து, தீட்டியதையெல்லாம் 1793-ல் சென்னையிலேயே குலுக்கல் போட்டு விற்றார்கள். (பயணச் செலவுக்கு லாட்டரி! நல்ல யோசனைதான்.) மாமல்லபுரத்துப் பாறைகளையும் வரைந்திருக்கிறார்கள். நம்ம கோவளம் அந்த வழியில்தான் இருக்கிறது. ஆனால் நம்மை வரைந்ததாக எனக்குத் தெரிந்து படம் எதுவும் இல்லை :-(

அவர்கள் கையில் இருந்த முக்கியமான கருவி ஓர் இருட்டுப்பெட்டி. முன்னால் ஒரு லென்ஸ், உள்ளே ஒரு கண்ணாடி. எதிரே இருக்கும் காட்சி தாளின்மேல் விழும், பென்சிலால் அப்படியே பின்தொடர வேண்டியதுதான். தூணையோ வளைவையோ இதில் தப்பாகப் போடுவது கஷ்டம். மேலே லேசாக நீர்வண்ணப் பூச்சு, அவ்வளவுதான். அடுத்த இடத்துக்கு மூட்டை கட்ட வேண்டுமே.

சிக்கல் அதற்கப்புறம்தான். 1794-ல் இங்கிலாந்து திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, அமிலத்தில் அரிக்கவிட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டுவரும் முறை. அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் பூசினார்கள். இருபது நாற்பது மைல் தள்ளியல்ல, கடல் தாண்டி, லண்டன் மேகமூட்டத்தில்! ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் வேறு வேறு நீலமாக இருப்பது அதனால்தான்.

அவர்களை ரொம்பத் திட்டவும் மனசு வரவில்லை. போன மாதம் நானே ஒரு நாள் காலை ஆறரைக்கு வண்ணப்பெட்டியும் தாளுமாக கோவளம் தர்காவுக்குப் போகும் தெருவில் உட்கார்ந்தேன். எதிர்ச்சுவர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கோடு போட்டு முடிப்பதற்குள் மஞ்சளாகிவிட்டது. கடல்காற்றின் ஈரத்தில் முதல் பூச்சு காயவே இல்லை. காய்வதற்காகக் காத்திருந்ததில் நிழல் சுவரைவிட்டே இறங்கிவிட்டது. ஏழரைக்கு எல்லாமே ஒரே வெள்ளை. சுற்றி நின்ற பொடியன்களில் ஒருவன் "அண்ணே, வீடு கரெக்டா இருக்கு, கலர்தான் தப்பு" என்றான். டேனியல்களுக்கும் அதே விமர்சனம்தான்!

1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் எண்ணெய் வண்ணத்தை அடைத்துக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் மோனே போன்றவர்களால் வண்ணத்தை வெளியே தூக்கிக்கொண்டு போய், நேரத்துக்கு ஒரு துணியாக மாற்றி மாற்றித் தீட்ட முடிந்தது. நம்ம பக்கம், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், ஆரம்ப காலத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளுக்குத்தான் பெயர் வாங்கியவர். அது தனிக்கதை.

பழைய பாலத்துக்கு வருகிறேன். கேமரா வருவதற்கு நாற்பது ஐம்பது வருடம் முன்பு அது எப்படி இருந்தது என்று கேட்டால் நம் கையில் இருப்பது இந்த மாதிரிப் படங்கள்தான். அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன். வளைவுகளையும் கரையையும் நம்பலாம், அவை பெட்டிக்குள் விழுந்து பென்சிலில் ஏறியவை. வானத்தையும் வெயிலையும் நம்ப மாட்டேன். 1792-ல் அடையாற்றின் மேல் விழுந்த வெயில் எந்த நிறம் என்று தெரிய வேண்டுமானால், இன்றைக்கும் காலை ஆறரைக்கு சைதாப்பேட்டைக் கரையில் போய் நிற்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் :-)