பேராக் தோட்டங்களில் இரண்டு மருத்துவங்கள்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் தமிழருக்கு இரண்டு மருத்துவங்கள் இருந்தன. ஒன்றைச் சட்டம் கொடுத்தது. இன்னொன்று கப்பலில் கூடவே வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923ல் வந்த தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மக்களுக்கு அந்தப் பொறுப்பின் முகம் டிரெசர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்தான். மலேரியா, புண், வயிற்றுக்கடுப்பு என்று அவரிடம் போவார்கள்; ஆளை மறுபடி பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) அனுப்பியதும் அவர் வேலை முடிந்தது. அதன்பின் உடம்பு தேறுவது குடும்பத்தின் பாடு. கஷாயமும் எண்ணெய்த் தேய்ப்பும் பத்தியமும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டன. இன்று எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்றே சொல்கிறோம். லயத்தில் புழங்கியதோ பெரும்பாலும் சித்த மருத்துவமும் பாட்டி வைத்தியமும். இரண்டு மருத்துவமும் ஒரே உடம்பில் வேலை செய்தன, ஒன்றுக்கு மற்றொன்று தெரியாமல். நமக்கு வந்து சேர்ந்த சிக்கல் அந்த மௌனம் என்றே நினைக்கிறேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நகர்ந்தார்கள். காய்ச்சலின் இடத்துக்கு மாரடைப்பு வந்தது. மாரடைப்புக்குப் பின்னான மறுவாழ்வுச் சிகிச்சை என்பது படிப்படியான உடற்பயிற்சி, உணவு, மாத்திரை, மனத்தெம்பு. டிரெசர் விட்டுவிட்ட அதே இடம்தான் இது. அதனால் பத்தியத்தையும் யோகாவையும் அதில் சேர்ப்பதைப் புதுமை என்று சொல்ல முடியாது. ஆதாரம் எங்கே என்று கேட்பது நியாயம். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் யோகா சார்ந்த மறுவாழ்வைச் சோதித்து 2020ல் முடிவு வெளியிட்டார்கள். மரணமும் மறு மாரடைப்பும் தெளிவாகக் குறைந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் நோயாளிகள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். அதைச் சிறியது என்று தள்ள எனக்கு மனமில்லை. பழைய வழக்கம் ஆளைப் படுக்கவைத்தே கெடுக்கும் என்று சொல்வோருக்கும் ஒன்று: நவீன மருத்துவமே வாரக்கணக்கில் படுக்கவைத்திருந்தது, 1952ல் லெவின், லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்த பிறகே அது மெல்ல மாறியது.

மருந்து வேறு விஷயம். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004ல் ஓர் ஆய்வு சொன்னது. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையோடு சில மூலிகைகள் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம். ஆகவே எந்தச் சூரணமும் ஆஸ்பிரினுக்கோ ஸ்டேட்டினுக்கோ மாற்றாகாது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பாரம்பரிய இந்திய வைத்தியர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அடுப்பில் கொதிக்கும் கஷாயத்தை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. வீட்டில் என்ன குடிக்கிறீர்கள் என்று இதயப் பிரிவில் தமிழில், திட்டாமல் கேட்டு, பதிலை மாத்திரைப் பட்டியலுக்குக் கீழேயே எழுதிவைக்க வேண்டும்.