எவரெஸ்ட் ஏறிய இருவரும் சுமை தூக்கிய பலரும்



1997 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள். மலேசிய நேரப்படி பிற்பகல் 2 மணி 10 நிமிடம். உலகின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்டின் உச்சியில் எம். மகேந்திரன் காலடி வைத்தார். சில நிமிடங்களில் என். மோகனதாஸ் அவரை வந்தடைந்தார். எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் இவ்விருவரே. இருவரும் இந்திய வம்சாவளியினர். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும், கிள்ளானிலும், சுற்றியுள்ள தோட்ட லயங்களிலும் வாழ்ந்த நம் மக்கள் பெருமை கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தப் பெருமை நமக்கு உரியதே. ஆயினும் ஒரு சிகரத்தின் வரலாறு உச்சியில் நின்றவர்களோடு முடிந்துவிடுவதில்லை. கூடாரத்தைச் சுமந்தவர் யார்? கயிறு கட்டியவர் யார்? காண்டா வாளியைத் தோளில் சுமந்த பாட்டன் பாட்டிமாரின் பிள்ளைகளாகிய நாம் கேட்கவேண்டிய கேள்வி இது.

முதலில் அந்த மலையைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நேபாள மக்கள் அதனைச் சாகர்மாதா என்பர். திபெத்தியர் சோமோலுங்மா என்பர். ஆங்கிலேயர் இந்தியாவை அளந்த காலத்தில் அது வெறும் 'பதினைந்தாம் சிகரம்'. அதுவே உலகில் உயரமானது என்பதை 1852 ஆம் ஆண்டளவில் கணக்கிட்டுக் கண்டவர் வங்காளத்தைச் சேர்ந்த இராதாநாத் சிக்தார். பின்னர் மலைக்குச் சூட்டப்பட்டதோ முன்னாள் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர். 2020 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அளவின்படி அதன் உயரம் 8,848.86 மீட்டர். நம் நாட்டின் கினபாலு மலை 4,095 மீட்டர். அதாவது எவரெஸ்டில் பாதிக்கும் குறைவு.

உயரம் மட்டுமே தொல்லையன்று. பத்துமலையின் 272 படிகளை ஏறியதும் நமக்கு மூச்சு வாங்குகிறது; சற்று நின்றால் சரியாகிவிடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் நின்றாலும் மூச்சு சரியாவதில்லை. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கே. தண்ணீர் சுமார் 70 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். அந்தக் கொதிநீரில் சோறு வேகாது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மலையேறுவோர் 'மரண மண்டலம்' என்றே அழைக்கின்றனர். அங்கே உடல் தேறுவதில்லை; நேரம் செல்லச்செல்லத் தேய்கிறது.

இத்தகைய இடத்திற்கு மனிதன் எப்படிச் சென்றான்? 1920களில் ஆங்கிலேயர் திபெத்துப் பக்கமாகப் பயணக் குழுக்களை அனுப்பினர். சுமை தூக்க ஆள் வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டார்ஜிலிங்கில் ஆள் சேர்த்தனர். நேபாளத்தின் மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே வந்திருந்த ஷெர்ப்பா மக்கள் இந்த வேலைக்குப் பெயர் பெற்றனர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவரைச் சிர்தார் என்றனர். நம் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருகிறார் அல்லவா? ஆள் சேர்த்து, வேலை பிரித்துக் கொடுத்து, துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்றவர் அவர்.

1922 ஜூன் 7 ஆம் நாள் பனிச்சரிவு ஒன்றில் சிக்கிச் சுமை தூக்கிகள் எழுவர் மாண்டனர். உடன் சென்ற ஆங்கிலேயர் அனைவரும் பிழைத்தனர். அவர்களுள் ஒருவரான மல்லோரி 1924 இல் அதே மலையில் மறைந்தார். மல்லோரியை உலகம் நன்கறியும். அந்த எழுவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இந்த வரிசையிலிருந்துதான் டென்சிங் நார்கே எழுந்தார். 1935 இல் சுமை தூக்கியாக எவரெஸ்ட் சென்ற அவர், தம் ஏழாவது முயற்சியில், 1953 மே 29 ஆம் நாள், எட்மண்ட் ஹில்லரியுடன் உச்சியை அடைந்தார். அந்தக் குழுவின் பொருள்களை அடிவாரம்வரை சுமக்க 350க்கு மேற்பட்ட சுமையாளர்கள் தேவைப்பட்டனர். வெற்றிக்குப் பின் ஹில்லரிக்கும் குழுத் தலைவர் ஜான் ஹண்டுக்கும் பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டம் வழங்கியது. டென்சிங்கிற்குக் கிடைத்தது ஜார்ஜ் பதக்கம். ஒரே உச்சியில் ஒரே வேளையில் நின்றவர்களுக்கு இருவேறு மரியாதை.

காலம் மாறியது. 1985 இல் டிக் பாஸ் என்னும் அமெரிக்கச் செல்வர், தம் 55 ஆம் வயதில், தேர்ந்த மலையேறி ஒருவரின் துணையுடன் எவரெஸ்ட் ஏறினார். அதன்பின் கட்டணம் பெற்று ஆள்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக் குழுக்கள் பெருகின. அரசாங்க அனுமதி, கூடாரம், உணவு, பிராணவாயுக் கலம், கயிறு ஆகிய அனைத்தையும் அக்குழுவே ஏற்பாடு செய்யும். பணம் கட்டியவர் ஏறவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மலை பணத்தைப் பார்ப்பதில்லை. 1996 மே 10, 11 ஆம் நாள்களில் வீசிய புயலில் எண்மர் இறந்தனர். அனுபவம் மிக்க வழிகாட்டிகளான ராப் ஹாலும் ஸ்காட் பிஷரும் அவர்களுள் அடங்குவர். திரும்பவேண்டிய நேரம் கடந்த பின்னும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்ததே பெருங்குற்றமாக அமைந்தது.

அடுத்த ஆண்டே நம் நாட்டுக் குழு புறப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். பனியே பெய்யாத நாட்டில் பிறந்தவர்கள் பனிமலைக்குச் சென்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் இந்தோனேசிய இராணுவ வீரர் அஸ்முஜியோனோ உச்சியை அடைந்தார். அண்டை நாட்டார் முந்திக்கொண்டனர். இருந்தும் நம்மவர் மனம் தளரவில்லை.

அடிவார முகாம் சுமார் 5,360 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கும்பு பனியருவியைக் கடக்கவேண்டும். வீடு அளவுள்ள பனிப்பாளங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. பிளவுகளின் மீது அலுமினிய ஏணிகளைப் பாலமாக இட்டு நடப்பர். பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முகாம்கள். கடைசி முகாம் சுமார் 7,900 மீட்டரில். ஒரே மூச்சில் ஏறுவது கிடையாது. சற்று ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி, இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும்வரை வாரக்கணக்கில் உடலைப் பழக்குவர். மே மாதத்தில், பருவமழைக்கு முன், காற்று அடங்கும் சில நாள்களே உச்சிக்கு வழி திறக்கும். அந்தச் சில நாள்களுள் ஒன்றில்தான் மகேந்திரனும் மோகனதாசும் வென்றனர். அன்றும் அவர்களோடு ஷெர்ப்பாக்கள் ஏறினர்.

அந்த ஷெர்ப்பாக்களின் நிலை என்ன? ஏறுபவர் பனியருவியைச் சில முறை கடக்கிறார். ஷெர்ப்பாவோ சுமையுடன் ஒரே பருவத்தில் பலமுறை கடக்கிறார். 2014 ஏப்ரல் 18 ஆம் நாள் காலை அங்கே பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டனர். ஈமச்செலவுக்கென்று அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை, குடும்பத்திற்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர். இழப்பீடும் காப்புறுதியும் கேட்டனர். அப்பருவத்தில் மலையேற மறுத்தனர். நேபாளப் பக்கத்தில் பெரும்பாலான குழுக்கள் திரும்பிச் சென்றன. பின்னர் ஆயுள் காப்புறுதித் தொகை 10 இலட்சம் ரூபாயிலிருந்து 15 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஒன்றுபட்டுக் கேட்டால்தான் கிடைக்கும் என்பதைத் தொழிற்சங்கம் கண்ட நம் தோட்ட மக்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

நம் ஊரிலும் இதே கதைதான். 1886 இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைக்கு இரயில் ஓடத் தொடங்கியது. திறந்துவைத்தவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. காலங்காலமாகத் தண்டவாளத்தில் வேலை செய்த தமிழர்களின் பெயர் எங்கே? பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரில் செங்கல் இருக்கிறது. செங்கல் சுமந்தவர் இல்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகிவிட்டன. பால்மரம் சீவியவர்களின் பெயர், வீட்டிலுள்ள பெரியவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள் "நானும் இமயம் ஏறப்போகிறேன்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நம்மவர் இருவர் ஏறிக் காட்டிவிட்டனர். அதே வேளையில் சில கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். வழிகாட்டியின் அனுபவம் என்ன? எந்த நேரத்தில் திரும்புவது என்று முன்னரே முடிவாகியுள்ளதா? சுமை தூக்குபவர்களுக்கு நியாயமான கூலியும் காப்புறுதியும் உண்டா? நேபாள அரசு 2025 செப்டம்பரிலிருந்து பெறும் அனுமதிக் கட்டணம் மட்டுமே ஒருவருக்கு 15,000 அமெரிக்க டாலர். மற்றச் செலவுகள் அதனினும் பலமடங்கு. அதில் சுமை தூக்குபவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பது, சுமந்து வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளையின் கடமை.

மகேந்திரன், மோகனதாஸ் என்னும் இரு பெயர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். கூடவே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, அவருடன் வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.